எனக்காகத் தொழாதே

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். படைத்தவன் காவலில் நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பியே எழுதுகிறேன், இங்கே வாப்பாவும் தங்கச்சியும் சுகம், நான் சுகமா என்று மட்டும் கேட்காதே, கேட்டால் திட்டிவிடுவேன். வாப்பா கடைக்கு உயரமான நாற்காலி வாங்கிவிட்டார், மூக்குக்கண்ணாடி தேய்க்கிற மெஷின் முன்னால் குனிந்து குனிந்து வந்த முதுகுவலி குறைந்திருக்கிறது. தங்கச்சி வேதியியலில் தப்பிப் பிழைத்துவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வேளையும் தொழுதுவிட்டுத் தொழுகை விரிப்பைப் படமெடுத்து அனுப்பு என்று சொன்னது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுபுஹு தொழுதேன் என்று நீ அனுப்பிய படத்தில் விரிப்பின் மேல் வெயில் அடிக்கிறதே, சூரியன் உதிக்குமுன் தொழுகிற தொழுகைக்கு வெயில் எங்கிருந்து வந்தது? பக்கத்தில் கிடக்கிற ஒற்றைச் சாக்ஸ் நான்கு நாளாக அசையவே இல்லை. பட்டம் படித்தவளை ஏமாற்றுவதென்றால் கொஞ்சமாவது மெனக்கெட வேண்டாமா. நேற்றுப் போனில் கேட்டதற்கு, கிடங்கில் பெட்டி அடுக்கவே நேரம் போதவில்லை, வந்து படுத்தால் எழ முடியவில்லை என்றாய், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசியில், "உனக்காகத்தாம்மா அனுப்பினேன், நீ நிம்மதியா இருக்கணும்னு" என்றாயே, அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு எதற்கடா உன் தொழுகை? அல்லாஹ்வுக்கே அது தேவையில்லை, நீ குனிந்தால் அவனுக்கு ஒன்றும் கூடப்போவதில்லை, குனியாவிட்டால் குறையப்போவதுமில்லை. தேவை உனக்கு. சூப்பர்வைசர் முகம் சுளித்தால் இரண்டு நாள் உனக்குச் சோறு இறங்காது, அந்த ஆளுக்கும் மேலே ஒருவன் இருக்கிறான் என்று நாளைக்கு ஐந்து தடவை ஞாபகம் வந்தால் நல்லதுதானே. நான் கல்லூரிக் கடைசி வருடம் படிக்கையில் நீ கைக்குழந்தை, வீடு நிறைய ஆட்கள், ஆளாளுக்கு ஒரு வேலை சொல்வார்கள், விரிப்பில் நிற்கும்போது மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். நெற்றி தரையில் பட்டால் நான் யாருக்கும் மருமகளில்லை, உனக்குத் தாய்கூட இல்லை, நெஞ்சில் இருப்பதையெல்லாம் அங்கே இறக்கி வைத்துவிட்டு எழுவேன். இதைச் சொல்லித் தராமல் படம் அனுப்பச் சொன்னேன் பார், எனக்குத்தான் புத்தி இல்லை.

எவ்வளவு இல்லை என்பது இன்று சாயங்காலம் அஸர் தொழுகையில் தெரிந்தது. தொழுதுகொண்டிருக்கும்போதே அலமாரியில் போன் முனகியது, நேற்று அத்தனை திட்டு வாங்கியும் நீ அனுப்பிய படம்தான், புதுசா பழசா என்று மனசு அங்கே ஓடிவிட்டது, தொழ வேண்டிய நான்கு சுற்றில் இது மூன்றாவது ரக்அத்தா நான்காவதா என்றே தெரியவில்லை. மூன்று என்று வைத்துக்கொண்டு இன்னொன்று தொழுது, மறதிக்காக நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தாவும் செய்து, ஸலாம் கொடுத்து முடித்த கையோடு போனை எடுத்தேன். பார்த்துக்கொண்டிருந்த உன் தங்கச்சி, "அண்ணன் தொழுறத ஏத்துக்கிட்டு கபூல் பண்றது நீயாம்மா?" என்று கேட்டாள். ஓர் அறை விடலாமா என்று வந்தது, போனை அலமாரியில் திருப்பி வைத்தேன். உனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் வருகைப் பதிவேட்டோடு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால் இனிப் படம் வேண்டாம், தொழுதாயா என்று நானும் கேட்க மாட்டேன். ஒரேயடியாக விட்டுவிடுவாயோ என்று பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்க மாட்டேன். ஒரே ஒரு வேளை, யாருக்கும் சொல்லாமல், எனக்கும் சொல்லாமல் தொழுதுபார்.

அல்லாஹ் உன் உடம்புக்குத் தெம்பையும் உழைப்புக்குப் பலன் பெருகுகிற பரக்கத்தையும் தரட்டும். காலையில் காலி வயிற்றில் டீ குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. கேட்காமல் இருக்கிற பொறுமை எனக்கு எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது, அதையும் நீ அவனிடம் கேட்கிற துஆவில் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொள்ளப் பழகும் உன் உம்மா