மழை பார்க்க வந்தவர்கள்

மதியம் டூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். மண் நனைந்த வாசம் முகத்தில் அடித்தது. ராஸ் அல் கைமாவில், இந்த வளைகுடாப் பாலைவனத்தில், மழை. வண்டி நிறுத்தும் இடத்தில் ஆளாளுக்குக் கையை நீட்டி நனைந்துகொண்டிருந்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் திருச்சிப் பெண் ஓடி வந்து, “அக்கா, மலைப் பக்கம் வெள்ளம் பாக்கப் போறோம். வண்டியில எடம் இருக்கு, வாங்களேன்” என்றாள். அவள் புதிது. யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து, “போகாதே” என்றேன். நான் பிடித்த பிடியில் பயந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் உங்களோடு பேச வேண்டும் போல இருந்தது. எழுதுகிறேன்.

மலையடிவாரத்தில் அந்த அரபியின் பண்ணை உங்கள் பொறுப்பில் இருந்தது. ஆடுகள், கொஞ்சம் ஒட்டகங்கள், உதவிக்கு வங்காளத்துக் கரீம். என் வேலைக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும் நாங்கள் டவுனில் இருந்தோம். வியாழன் மாலை வருவீர்கள். ஒரு ராத்திரி எங்கள் அறையில் படுப்பதற்குள் பத்துத் தடவை புரண்டுவிடுவீர்கள். “ஏளா, இந்த ஏசிக் காத்துல மனுசன் தூங்குவானா? கட்டடத்துக்குள்ளயே கெடந்தா ஆண்டவர் பேசுறது எப்படிக் காதுல விழும்?” என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் நால்வரும் பண்ணைக்குப் போவோம். மகனைத் தோளில் வைத்துக்கொண்டு பாறை பாறையாக ஏறுவீர்கள். நான் கீழே நின்று கத்திக்கொண்டிருப்பேன். இறங்கி வந்து விறகுக் கனலில் மீன் சுட்டு, முள் எடுத்து, மகளுக்கு ஊட்டிவிட்டுத்தான் நீங்கள் சாப்பிடுவீர்கள்.

மற்ற நாட்களில் சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று போன் செய்வீர்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாங்கள் சுற்றி உட்காருவோம். அதுதான் நம் குடும்ப ஜெபம். எங்களைப் பேர் சொல்லி ஒப்புக்கொடுத்த கையோடு, காய்ச்சலில் கிடக்கும் குட்டி ஆட்டுக்கும் ஜெபிப்பீர்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். “சிரிங்க, சிரிங்க. அதையும் அவருதான படைச்சாரு” என்பீர்கள். உங்கள் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்துகொண்டே இருக்கும்.

அன்றும் வெள்ளிக்கிழமைதான். டவுனில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆராதனையில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது ஜன்னல் பக்கம் பார்த்தீர்கள். என் பக்கம் குனிந்து, “மலைமேல கறுத்துட்டுளா. பட்டி பள்ளத்துல கெடக்கு. தொறந்து விட்டுட்டு வந்திருதேன்” என்றீர்கள்.

“சாப்பிட்டுட்டுப் போங்களேன்.”

“வந்து சாப்பிடுதேன்.”

மலை வெள்ளம் அடித்துப் போன உங்களை மறுநாள் போலீஸ்காரர்கள் கீழே சமவெளியில் கண்டெடுத்தார்கள். ஆடுகள் எல்லாம் மேட்டில் பத்திரமாக நின்றனவாம்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர், ஆடுகளுக்காக உயிரைக் கொடுத்த மேய்ப்பன் என்று உங்களைச் சொன்னார். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை நின்றுவிட்டது. ஆட்டுக்காகவா? இரண்டு பிள்ளைகளை என் கையில் விட்டுவிட்டு, யாரோ ஒருவரின் ஆட்டுக்காகவா? அதற்குப் பிறகு நான் ஆராதனைக்குப் போகவில்லை. ஊருக்கும் போகவில்லை, உங்களை இந்த மண்ணில் வைத்துவிட்டு எப்படிப் போவது? சாயங்காலம் அந்த நேரத்துக்குப் போன் அடித்தால் மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருப்போம். அடித்து ஓயும். எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் வராது. எடுத்தால் காற்றுச் சத்தம் கேட்டுவிடுமோ என்று எனக்குப் பயம்.

சில மாதங்கள் கழித்துக் கரீம் வந்தார். வெள்ளத்துக்குப் பிறகு முதலாளி அவரை வேறு பண்ணைக்கு அனுப்பிவிட்டாராம். ஊருக்கே திரும்புவதற்கு முன்பு வீடு விசாரித்து வந்திருந்தார். ஆட்டுக்காகத்தான் போனாரா என்று கேட்டேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

“இல்லை பாபி,” என்று இந்தியில் சொன்னார். உங்களைப் பாய், அண்ணன் என்றும் என்னைப் பாபி, அண்ணி என்றும்தான் அவர் கூப்பிடுவார். “ஆடு எல்லாம் மேலே ஏறிவிட்டது. நாங்களும் ஏறிவிட்டோம். பாய் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். அப்போதுதான் கீழே அந்த வெள்ளை வண்டியைப் பார்த்தோம்.”

மழை பார்க்க வந்த ஒரு குடும்பம். பள்ளத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்களாம். மூன்று பிள்ளைகள். நீங்கள் மேலிருந்து கத்தியது அவர்களுக்குக் கேட்கவில்லை. சின்னது மட்டும் உங்களைப் பார்த்துக் கை அசைத்ததாம். நீங்கள் இறங்கி ஓடினீர்கள். வண்டியின் மேல் ஓங்கி அடித்து, விரட்டி, அவர்களை வண்டிக்குள் ஏற வைத்தீர்கள். அவர்கள் உங்களை ஏதோ பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். வண்டி வளைவில் திரும்பி மறைந்தது. தண்ணீர் அதன் பிறகுதான் வந்தது. அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போனேன். பாடவில்லை. கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

ஆறுதல் வந்ததா என்று கேட்டால் இல்லை. முன்பு உங்கள்மேல் கோபம் இருந்தது; இப்போது அந்த இடத்தில் மூன்று பிள்ளைகள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். சிக்னலில் எந்த வெள்ளை வண்டி நின்றாலும் பின் சீட்டைப் பார்க்கிறேன். மீன் மார்க்கெட்டில் மூன்று பிள்ளைகளோடு யாராவது வந்தால் பின்னாலேயே நடக்கிறேன். சின்னதற்கு இப்போது என்ன வயது இருக்கும் என்று கணக்குப் போடுகிறேன். போன வாரம் அப்படி ஒரு குடும்பத்தின் பின்னால் போய், பை நிறைய வாங்கிய மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நம் மகள்தான் ஓடிப்போய் எடுத்து வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

“அம்மா, நெஜமாவே ஒருநாள் அவங்களப் பாத்துட்டா சொல்லிருவீங்களா?”

“சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“அது பாரமா அந்தப் புள்ளைங்க தலையில ஏறிப்போகும். அப்பா அதுக்கா எறங்குனாங்க? அதுங்க பாட்டுக்கு வளரட்டும்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல மாட்டேன்தான். ஆனாலும் அந்த மூன்று முகங்களையும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் எனக்கு. உங்களைக் கடைசியாகப் பார்த்த பிள்ளைகள் அவர்கள்தானே.