ஏழு நாள் கூட்டாத வீடு

சாக்கோட்டை,
மார்கழி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ராஜப்ரியாவுக்கு, அப்பா சின்னக்கருப்பன் சொல்லச் சொல்ல உன் அண்ணி சத்தியப்பிரியா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அண்ணன் அண்ணியும் நல்ல சுகம். அங்கே உன் சுகத்துக்கும், அதற்கு முன்னால் உன் இரண்டு கால்களின் சுகத்துக்கும் கருப்பரை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், எனக்கும் போனில் வாய் வராது, அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி மலை ஏறவேண்டும், இந்தத் தடவை எட்டு நாள், அப்பா வேண்டாம் என்றால் போகமாட்டேன், வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று நேற்றுக் கேட்டாய். அதற்குப் பதில் இதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நீ மலையில் இருந்தபோது இந்த வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். உன் அம்மா சொல்லக்கூடாது என்கிறாள். சொல்லாமல் பதில் மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும் தாயி, ஒரு பொய் சொல்லி நான் பட்டது போதும்.

உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும், வீட்டை விட்டுப் போனவர் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை வீட்டுக்குள் விளக்குமாற்றைத் தொடமாட்டாள். நீ மெட்ராசுக்கு வேலைக்குப் போன நாளில் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை, ராத்திரி பஸ் ஏறினால் விடிந்ததும் சேந்துட்டேன்மா என்பாய், இவளும் கூட்டிவிடுவாள். இப்போது மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு நடப்பதற்காகவே போர்னியோ வரைக்கும் போயிருக்கிற பிள்ளை எந்த இடத்தில் போய்ச் சேர்ந்ததாக வைத்துக்கொள்வது. நீ அந்த மலைக்காட்டுக்குள் நுழைந்த திங்கட்கிழமையிலிருந்து விளக்குமாறு கொல்லைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. மார்கழி என்பதால் வாசலை மட்டும் தெளித்துக் கோலம் போடுவாள், நிலைப்படிக்கு இங்குட்டு ஒரு தூசியைத் தள்ளமாட்டாள். சத்தியா சும்மா இருக்காமல், அவ நடக்கத்தானே போயிருக்கா அத்தை, சேருற எடமே இல்லையே, வருசம் பூரா கூட்டாம இருப்பீகளா என்று கேட்டாள். இருப்பேன்டி, தூசி ஒங் கண்ணையா குத்துது என்றாள் உன் அம்மா. இதை எழுதும்போது சத்தியா சிரிக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தாய். வெள்ளி போனது, சனி போனது. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் போனில் ஒரு டிக் என்றால் போகவில்லை, இரண்டு டிக் என்றால் போய்விட்டது, நீலமானால் நீ பார்த்துவிட்டாய் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். சத்தியா அனுப்பிய ஒன்பது சேதியிலும் ஒற்றை டிக்தான். கடைசியாக நீ அனுப்பியிருந்த படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன், மரமெல்லாம் பாசி, நடுவில் மேகம், ஓரத்தில் உன் சிவப்பு மூட்டை. இந்தப் பக்கத்தில் ஆளைத் தொலைக்கும் அளவுக்கு நான் காடே பார்த்ததில்லை. கண்மாயில் வெள்ளம் பார்த்திருக்கிறேன், அதை வைத்துத்தான் எனக்குப் பயம். உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சுகர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்து நடுங்கினாள். சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினோம். சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் நான் சொன்னேன், போன் வந்துச்சு, ராஜி சேந்துட்டா, அங்க சிக்னல் சரியில்லயாம், நாளைக்குப் பேசுவாளாம் என்று. வாய் கூசாமல் சொன்னேன் தாயி. மூன்று தோசை சாப்பிட்டாள்.

மறுநாள் விடியும்போது கூட்டுகிற சத்தம் கேட்டுத்தான் முழித்தேன். முகப்பு, முற்றம், அடுப்படி, உன் ரூம் எல்லாவற்றையும் கூட்டி, ஒட்டடை அடித்து, தண்ணீர் விட்டுக் கழுவியே விட்டாள். நீ இன்னும் எந்த மரத்தடியில் இருக்கிறாயோ, இங்கே நான் சொன்ன பொய்யால் உன் தடத்தைக் கூட்டித் தள்ளிவிட்டாளே என்று நினைத்தேன். இதெல்லாம் உனக்குச் சிரிப்பாக இருக்கும், நானும் கருப்பரைத் தவிர எதற்கும் பெரிதாகப் பயந்தவன் இல்லை, அன்று பயந்தேன். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன், முருங்கை மரத்தடியில் அவள் கொட்டியிருந்த குப்பையை அள்ளிக்கொண்டு வந்து உன் ரூமிலிருந்து மூலை மூலையாகக் கொட்ட ஆரம்பித்தேன். ஈரத் தலையோடு வந்து நின்றாள். என்ன மனுசரு நீக, ஊருல எல்லாரும் குப்பைய வெளிய கொட்டுவாக, நீக உள்ள கொட்டுறீக, புத்தி கித்தி பெரண்டு போச்சா என்றாள். சட்டியும் கையுமாக நின்றேன். என் முகத்தைப் பார்த்தாள். அப்ப போன் வரலையா என்றாள். வரலத்தா என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. சட்டியை என் கையிலிருந்து வாங்கி, அவ ரூம்ல இம்புட்டு மண்ணு ஏது, மண்ணு பூரா முகப்புல கெடந்தது, நூல் பிரியும் முடியும்தான் இங்குட்டு, இதுகூடத் தெரியாமக் கொட்டுறீக என்று சொல்லி, எந்தக் குப்பை எந்த மூலையில் இருந்ததோ அங்கங்கே கொண்டுபோய் அவளே தூவினாள். நான் பின்னாலேயே போனேன். ஆளுக்கு எழுபது வயதாகிறது, இரண்டு பேரும் கழுவின வீட்டில் குப்பை போட்டுக்கொண்டு திரிந்தோம். அதற்குப் பிறகு போனை நடுவில் வைத்துவிட்டு அங்குட்டும் இங்குட்டும் உட்கார்ந்துகொண்டோம். மத்தியானம் மூன்றரைக்கு நீ கூப்பிட்டாய்.

நீ என்னவெல்லாம் சொன்னாய் என்று எனக்கு அப்படியே இருக்கிறது. ஆறு பெருகிவிட்டது, வழிகாட்டுகிற ஆள் கடக்கவே கூடாது என்று பிடிவாதமாக இரண்டு நாள் இந்தக் கரையிலேயே உட்காரவைத்துவிட்டார், அரிசி தீர்ந்து கடைசி நாள் ஆளுக்கு ஒரு பிஸ்கட், அட்டை காலுறைக்குள் போய் இரத்தம் குடித்துத் திராட்சை மாதிரி உருண்டது, மழை பெய்யாத நேரத்திலும் இலை சொட்டிக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லும்போது உன் குரலில் எவ்வளவு சந்தோசம் இருந்தது என்று உனக்குத் தெரியாது. உன் அம்மா ஒன்றுமே நடக்காதது மாதிரி, சோறு தின்னியா என்று மட்டும் கேட்டாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ காரைக்குடியில் காலேஜ் இரண்டாம் வருசம் படிக்கும்போது மூணாறுக்கு மூன்று நாள் கூட்டிப்போகிறார்கள் என்று ஒரு காகிதத்தை நீட்டினாய். ஊர் பேசும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் அதை வாங்கக்கூட இல்லை. நீ அழவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்தாய். பச்சைச் சுடிதார், மஞ்சள் பூப்போட்ட துண்டு, அம்மாவின் பழைய கம்பளி, ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் வைத்தாய். பக்கத்து வீட்டு சௌபர்ணிகாவிடம் இரவல் வாங்கியிருந்த ஷூவைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, எனக்குச் சோறு போட்டாய். நீ சண்டை போட்டிருந்தால் நான் அதை மறந்திருப்பேன். ஊர் என்ன பேசியிருக்கும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, நீ பை அவிழ்த்தது மட்டும்தான் தெரியும். அந்த வேலையை இன்னொரு தடவை உன்னைச் செய்யவைக்க என்னால் ஆகாது. போய்விட்டு வா ஆத்தா. பயம் இல்லை என்று சொல்லவில்லை, பயத்தோடுதான் சொல்கிறேன், போய்விட்டு வா.

ஆனால் இனிமேல் எங்களுக்காகக் குறைத்து நாள் சொல்லாதே. எட்டு நாள் என்றால் பன்னிரண்டு என்றே சொல், காடு விடும்போது வருவேன் என்று சொன்னாலும் தாங்கிக்கொள்வோம். ஆறு பெருகியபோது உட்காரவைத்தாரே அந்த மனிதரோடுதான் போகவேண்டும், வேறு ஆள் வேண்டாம், அவருக்கு என் கும்பிட்டைச் சொல். அரிசி இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள். அட்டைக்கு உப்பைத் துணியில் முடிந்து காலுறைக்கு மேலே கட்டிக்கொள், நனைந்தால் மாற்று. வெள்ளையடித்தால் வீட்டைக் கூட்டவேண்டி வரும், அதனால் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறேன் என்ற நாச்சியப்பனை மாசியில் வரச் சொல்லிவிட்டோம். இனி பொய் சொல்லமாட்டேன் என்று உன் அம்மாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்திருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுவதாக அவளும் எனக்கு. கருப்பரும் காளையார்கோவில் ஈஸ்வரனும் உன்னோடு ஏறி உன்னோடு இறங்கட்டும்.

இவ்வளவு நேரம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா இப்போது வந்து சத்தியாவைத் திட்டுகிறாள், போகச் சொல்லியாச்சுங்கிறத மொதல்ல எழுத வேணாமாடி, இத்தத்தண்டி கடுதாசியப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எம்புள்ள மனசு என்ன பாடுபடும் என்று. மேலே இடம் இல்லை. முதல் தாளின் ஓரத்தில் அதைப் பெரிதாக எழுதச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா சின்னக்கருப்பன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)