பெயர் வைக்காத ஏழாம் நோட்டு

நேற்று வாழப்பாடிக் கடைவீதியில் லேபிள் வாங்கப் போனேன். பள்ளி திறந்து இரண்டு நாள்தான் ஆகிறது, என் வகுப்பில் பாதி நோட்டுகளுக்குப் பெயர்ச் சீட்டு இல்லை. ஒரு தாளுக்குப் பன்னிரண்டு லேபிள், சுற்றிச் சிவப்புக் கோடு, உள்ளே மூன்று வரி. கடைக்காரர் தாள்களைச் சுருட்டும்போது அவற்றின் முதுகில் தடவிய கோந்தின் வாசனை வந்தது. நாக்கில் தொட்டு ஒட்டுகிற அதே கோந்து. உனக்கு அது இனிக்கும் என்பாய், எனக்குக் கசக்கும். "வேற என்ன வேணும் டீச்சர்?" என்று அவர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் நான் கடையை மறித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

உன் ஏழாம் நோட்டிலும் இந்த மாதிரி லேபிள்தான் இருக்கிறது. நீ ஒட்டியது. மேல் வரியில் நம் கதை வரிசையின் பெயரும் எண்ணும் உன் கையெழுத்தில் இருக்கின்றன. நடு வரி காலி. அதை நிரப்ப வேண்டியவள் நான். ஐந்து வருடமாக நிரப்பாமல் வைத்திருக்கிறேன். இதைச் சொன்னால் புரியக்கூடிய ஒரே ஆள் நீ என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

எல்லாம் அட்டையில்லாத அந்தப் புத்தகத்தில் தொடங்கியது. சேலத்தில் பழைய பேப்பர் எடைக்குப் போடும் கடையில் கண்டெடுத்ததாக, பி.ஏ. இரண்டாம் வருடத்தில் நீ வகுப்புக்குக் கொண்டுவந்தாய். அட்டையும் முதல் சில தாள்களும் கிழிந்துபோன ஆங்கிலக் கதைப் புத்தகம். படிப்பவர்தான் அதில் கதாநாயகன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு வழி கொடுத்திருக்கும், எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். பாடப் புத்தகம் தவிர ஆங்கிலத்தில் எதையும் படித்திராத எனக்காக, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே போனாய்.

"நீ ஒரு குகை முன்னாடி நிக்கற. உள்ள போனா பதினாலாம் பக்கம், திரும்பிப் போனா ஒம்பதாம் பக்கம். சொல்லு, எங்க போற?"

நான் சாப்பாட்டு டப்பாவை மூடித் திறந்தேன்.

"கதைதான்டி. யாரும் அடிக்க மாட்டாங்க."

"நீயே சொல்லு."

"என்னை எங்க கேக்குது? உன்னைத்தான் கேக்குது."

அதற்கு முன்பு யாரும் என்னை எதையும் கேட்டதில்லை. சேந்தமங்கலத்துப் பக்கம் எங்கள் தோட்டத்தில் எப்போது மரவள்ளி நடுவது, எப்போது பிடுங்குவது என்பதைப்போல என்னைக் கல்லூரிக்கு அனுப்புவதையும் அப்பா ஒரு காலையில் முடிவு செய்தார். நல்ல முடிவுதான். ஆனாலும் என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் "உள்ள போறேன்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, ஏதாவது ஆகிவிட்டால் திரும்பி வர வசதியாகப் பழைய பக்கத்தில் என் விரலைச் செருகி வைத்தேன். நீ அந்த விரலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாய்.

"விரலை எடு. போனா போனதுதான். உசுரோட இருக்கறவங்களுக்கு யாரு விரல் வெச்சு வெக்கறாங்க?"

புத்தகத்தின் பெயரைக் கேட்டேன். அட்டையோடு போய்விட்டது என்றாய். பெயரில்லாமல் ஒரு புத்தகமா என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்து 'இருட்டுக்கு இரண்டு வாசல்' என்றேன். நீ உடனே பழுப்புத் தாளில் அட்டை போட்டு, லேபிளை நக்கி ஒட்டி, அந்தப் பெயரை எழுதிவிட்டாய். அன்றைக்கே தீர்மானமானது, நீ கதை எழுத வேண்டும், நான் பெயர் வைக்க வேண்டும்.

முதல் நோட்டு உனக்கு நினைவிருக்கும். ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு பெண் கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிறாள். லாரியில் ஏறினால் ஆறாம் பக்கம், நடந்தால் ஒன்பதாம் பக்கம். நாற்பது பக்க நோட்டில் பதினொரு முடிவுகள். ஒன்றில் அவளுக்குப் புதையல் கிடைக்கிறது, ஒன்றில் காபித் தோட்டத்தில் வேலை, மூன்றில் செத்துப்போகிறாள். நீ 'மர்ம மலை' என்றாய். நான் வேண்டாம் என்றேன்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"காப்பித் தோட்டத்துல வேலை கெடச்சவளுக்கு அதுல என்ன மர்மம்?"

"அப்ப 'மலையில் ஒரு புதையல்'?"

"செத்துப்போன மூணு பேரு என்ன நெனப்பாங்க?"

நீ சிரித்துவிட்டாய். "செத்தவங்களுக்கும் சேத்து நீ பேரு தேடறயா? சரி, தேடு."

'பஸ் போன பிறகு' என்று வைத்தேன். எந்த முடிவில் போய் நின்றாலும் அவள் பஸ்ஸை விட்டவள்தானே? அதுவே நம் சட்டமானது. பெயர் எல்லா முடிவுக்கும் பொய்யாகாமல் பொருந்த வேண்டும். எல்லா முடிவையும் எழுதின பிறகுதான் வைக்க வேண்டும், அதுவும் நான் ஒன்று விடாமல் படித்த பிறகு. ஆறு நோட்டுகளுக்கும் அதை மீறவில்லை. ஹாஸ்டல் பெண்கள் கைமாற்றிப் படித்து, எந்த முடிவுக்கு வந்து சேர்ந்தார்களோ அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்துப் போட்டார்கள். மாடி அறை விலங்கியல் மாணவி ஒருத்தி எல்லா நோட்டிலும் செத்துக்கொண்டே இருந்தாள். "என் ஜாதகத்தைப் பாத்து எழுதறாளா இவ?" என்று என்னிடம் வந்து சண்டை போட்டாள்.

வரிசைக்குப் பெயர் வைக்கத்தான் அதிகக் காலம் பிடித்தது. அப்பா கிழங்கு லாரியில் சேலம் வந்தவர் அப்படியே என்னைப் பார்க்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கிடைத்தது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து, நீ நேராக ஹாஸ்டலுக்கு வந்திருந்தாய். அப்பா கிளம்பும்போது "எங்கப்பா போறீங்க?" என்று மரியாதைக்குத்தான் கேட்டாய். அவர் முகம் மாறியது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கெளம்பறவங்கள எங்கன்னு கேக்கக் கூடாது சாமி. தூரமுங்களான்னு கேக்கோணும்."

"வித்தியாசம் என்னங்கப்பா?"

"எங்கன்னா நின்னு பதில் சொல்லோணும். தூரமுங்களான்னா, ஆமாங்கன்னு நடந்துக்கிட்டே போயிரலாம்."

அவர் தெருமுனை திரும்பும்வரை நீ அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாய். பிறகு நாம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்தோம். 'தூரமுங்களா வரிசை'. அது மட்டும்தான் நாம் சேர்ந்து வைத்த பெயர்.

உன் உடம்பைப் பற்றி நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். நூலக மாடிப்படியில் பாதியில் நின்று "அந்தக் காக்காயப் பாரேன்" என்பாய். ஜன்னலுக்கு வெளியே காக்காய் இருக்காது. நானும் இல்லாத காக்காயைப் பார்த்துக்கொண்டு, உன் மூச்சு சீராகும்வரை நிற்பேன். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டது என்றும், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்றும் கடைசி வருடத்தில் ஒருநாள் தலைவலியைச் சொல்வதுபோலச் சொன்னாய். நான் "அப்படியா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

படிப்பு முடிந்து நான் ஊருக்கு வந்த பிறகு, ஏழாம் நோட்டு தபாலில் வந்தது. கொல்லிமலை அடிவாரத்தில் காட்டாற்றில் வெள்ளம். கரையில் ஒரு பெண். இருபத்திரண்டாம் பக்கத்தின் அடியில், 'ஆற்றைக் கடப்பதானால் பக்கம் 23. இந்தக் கரையிலேயே தங்குவதானால் பக்கம் 24.' இரண்டும் ஒரே தாளின் முன்னும் பின்னும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தன. உள்ளே ஒரு கடிதம்.

'டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். மெட்ராஸ் போய் ஆபரேஷன் செய்யலாம், அல்லது மாத்திரையோடு ஓட்டலாம். இரண்டிலும் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். அப்பா தினம் ஒரு முடிவு எடுக்கிறார். எனக்கு ஒன்று மட்டும் செய். இந்த ஒரு தடவை நான் முடிப்பதற்கு முன்பே பெயர் வைத்துக் கொடு. கையோடு எடுத்துப் போகிறேன். சட்டமீறல்தான், பொறுத்துக்கொள்.'

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அந்தக் கடிதத்தை மடிப்பதற்குள் எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மற்ற நோட்டுகளுக்கு வாரக்கணக்கில் அலைந்தவள் நான். இது தானாக வந்து நின்றது. 'அக்கரையிலும் மழை'. அவள் கடந்தாலும் பொருந்தும், தங்கினாலும் பொருந்தும்.

அதை நான் எழுதவில்லை. நோட்டைத் திருப்பி அனுப்பும்போது இப்படி எழுதினேன்: 'முடிவு எழுதாத கதைக்குப் பெயர் கிடையாது. சட்டம் உனக்கும் சேர்த்துத்தான். இரண்டு பக்கத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு வா. அப்போது வைக்கிறேன்.'

பெயரை என் கையில் பிடித்து வைத்திருந்தால் அதை வாங்கவாவது நீ வந்தாக வேண்டும் என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாகக்கூட நினைத்தேன். அப்பாதான் தபாலாபீசுக்கு எடுத்துப் போனார்.

"அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்குதாம் சாமி?"

"மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறாங்கப்பா."

அவர் நோட்டுப் பொட்டலத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டார். "தூரந்தான்" என்றார்.

நீ போய்விட்ட செய்தி எனக்கு அடக்கம் முடிந்து எட்டாம் நாள் வந்து சேர்ந்தது. சேலத்துக்குப் போனேன். உன் அம்மா அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். லேபிளை நீ மெட்ராஸில் ஒட்டினாயாம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து. என் கடிதத்தை ரயிலில் படித்துச் சிரித்தாயாம். "பாத்தீங்களாம்மா, ஒரு பேருக்கு என்னமா பிகு பண்றா" என்றாயாம்.

"எதைச் செய்யறதுன்னு அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் உன் அம்மா. "அவங்கப்பா நேராப் போய் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டார். அவர் மேல தப்பு சொல்லலம்மா. கேட்டிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? ஆனா கேக்கல."

உன்னைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் "நீ எங்கே போகிறாய்" என்று ஊரையே கேட்டவள் நீ. உன் விஷயத்தில் எல்லாவற்றையும் யாரோ முடிவு செய்துகொண்டிருந்தபோது, உனக்கென்று நீ கேட்டது ஒரு பெயர். அது என்னிடம் இருந்தது. நான் தரவில்லை.

"எல்லாப் பக்கமும் படிச்சேன்மா" என்றார். "ஆத்தங்கரைக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல. அந்தத் தாளை இப்படியும் அப்படியும் திருப்பறேன், ஒண்ணுமே இல்ல." பிறகு லேபிளைத் தடவிக்கொண்டே கேட்டார். "இதுக்கு நீதான் பேரு வெக்கணும்னு சொல்லிட்டிருந்தா. என்ன பேரும்மா வெச்ச?"

சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தைதான். உனக்குத் தராததை உன் அம்மாவிடம் எடுத்துக் கொடுக்க நாக்கு எழவில்லை.

"இன்னும் வெக்கலீங்கம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "மெதுவா வை" என்றார். நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளுக்குச் சேலம் வருகிறேன். பஸ்ஸில் ஏறும்போது, இந்த முறை அவரிடம் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொள்கிறேன். மெழுகுவர்த்தி காற்றில் அணையாமல் இரண்டு பேரும் கையால் மறைத்துக்கொண்டு நிற்போம். வீட்டுக்கு வந்து காபி போட்டுக் கொடுப்பார். என் பள்ளியைப் பற்றி, அப்பாவின் முட்டிவலியைப் பற்றி விசாரிப்பார். முதல் இரண்டு வருடம் பெயரைக் கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். கேட்காதவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

நேற்று வாங்கின லேபிள்களை இன்று வகுப்பில் கொடுத்துவிட்டேன். ஒன்று மிஞ்சியது. வீட்டுக்கு வந்து ஏழாம் நோட்டை எடுத்தேன். உன் லேபிள் ஒரு மூலையில் உரிந்திருந்ததால் புதியதை அதன் மேல் ஒட்டலாம் என்று நினைத்தேன். உன் எழுத்து மறைந்துவிடும் என்பதால் ஒட்டவில்லை. உரிந்த மூலையை மட்டும் நாக்கால் தொட்டு அழுத்தினேன். இன்னும் கொஞ்சம் கோந்து இருக்கிறது. கசந்தது.

பேனாவைத் திறந்து நடு வரிக்கு நேராக வைத்தேன். நம் சட்டம் குறுக்கே வந்தது. இருபத்துமூன்றும் இருபத்துநான்கும் இன்னும் எழுதப்படவில்லை. எழுத வேண்டியவள் நீ. பேனாவை மூடிவிட்டேன்.

இப்போது நோட்டு என் மடியில் இருக்கிறது. அந்தப் பெண் ஆற்றங்கரையில்தான் நிற்கிறாள், தண்ணீர் ஏறவும் இல்லை, வடியவும் இல்லை. இருபத்திரண்டாம் பக்கத்தில் என் விரல் இருக்கிறது. எடு என்று சொல்ல நீ இல்லை. நானாக எடுக்க எனக்குத் தெரியவில்லை.