முத்தமிழின் ரத்தமும் ஏழு மூட்டை மக்காச்சோளமும்

வாலிகண்டபுரம்

அன்பு மகள் கலையரசிக்கு அப்பா எழுதுவது. இன்றைய தேதிக்கு நானும் அம்மாவும் உன் மகள் முத்தமிழும் நல்லபடி இருக்கிறோம், அங்கே துபாயில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்க நம்மூர் ஈசன் பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய், போனில் நான் வாயைத் திறந்தாலே உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், பக்கத்தில் முத்தமிழ் காவல் நிற்கிறாள், அதனால் லீவு முடிந்து திரும்புகிற நம் தெரு ராஜேஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள், மற்ற பிழையை முழுக்கப் படித்துவிட்டு யோசி.

ஒன்றரை மாதம் முன்பு முத்தமிழ் பள்ளியில் பிரேயரின்போது மயங்கி விழுந்துவிட்டாள். டீச்சர் போன் செய்ததும் ஓடினேன், ஒரு காலில் மட்டும் செருப்போடு போயிருக்கிறேன் என்பது பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ரத்தம் எட்டு புள்ளி இரண்டு என்றார்கள், நீ நர்ஸ், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றில் கொக்கிப்புழுவாம், வெளிக்குப் போகிற இடத்தில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் வழியாக ஏறுமாம். வூட்டுல கக்கூஸ் இல்லீங்களாய்யா என்று நர்சம்மா கேட்டார், இருக்குதுங்க, டைல்ஸ் ஒட்டினது, எம் மவ பணம் அனுப்பிக் கட்டினது என்று பெருமையாகத்தான் சொன்னேன். அதுல தாத்தா மக்காச்சோளம் அடுக்கியிருக்காரு என்றாள் முத்தமிழ். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன செய்வது மகளே, அவ்வளவு பளபளவென்று இருந்த இடத்தில் போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திறந்து காட்டிவிட்டுப் பூட்டி வைத்தேன், மழை வந்ததும் வீட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான் என்று ஏழு மூட்டையையும் உள்ளே ஏற்றினேன், நாங்கள் போகிற சோளக்காட்டுக்கே பிள்ளையும் வந்தாள். இன்னொரு குற்றமும் உண்டு, தினம் காலையில் அவளை வண்டியில் முன்னால் நிற்கவைத்து அங்கமுத்து கடைக்குப் போய் ஆளுக்கொரு டீ, ஒரு பொறை. அதிலேயே பசி அடங்கிப் பள்ளியில் போடுகிற காலைச் சாப்பாட்டைத் தொடுவதே இல்லையாம், டீ வேறு சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். தாத்தன் கெட்டது பத்தாதுன்னு பேத்தியையுமா கெடுக்கணும் என்று உன் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்று சாயங்காலமே கக்கூஸைக் காலி செய்து கழுவினேன், இப்போது மக்காச்சோளம் எங்கள் கட்டிலில் படுத்திருக்கிறது, நாங்கள் தரையில். மூன்று பேரும் புழு மாத்திரை போட்டுக்கொண்டோம். பிள்ளைக்கு இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, கடலைமிட்டாய் எல்லாம் தவறாமல் போகிறது, பள்ளியில் முட்டையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். சோப்புப் போடாமல் நான் தட்டில் கை வைத்தால் நகத்தைக் காட்டுங்க தாத்தா என்கிறாள், பாதி நாள் நான் பெயில். கடைக்குத் தனியாகத்தான் போகிறேன், எங்கய்யா ஒன் மொதலாளி என்று அங்கமுத்து கேட்கிறான், டீ முன்போல் இறங்கவில்லை.

போன வாரம் பார்த்ததில் ரத்தம் ஒன்பது புள்ளி எட்டு. பதினொன்றரைக்கு மேல் வர வேண்டுமாம், இருபதாம் தேதி மறுபடி பார்க்கிறார்கள். ஜூனில் அவளை அங்கே அழைத்துக்கொள்வதாக மாப்பிள்ளை சொன்னார், இதைப் படித்தால் இப்போதே அழைத்துக்கொள்ளத் தோன்றும். உன் பிள்ளை, நான் தடுக்க மாட்டேன். ஆனால் கெடுத்தவன் நான், தேற்றி உன் கையில் ஒப்படைக்கிறவரை எனக்கு அவகாசம் கொடு என்று கேட்கிறேன். இருபதாம் தேதி எத்தனை வந்தாலும் வந்த எண்ணை அப்படியே சொல்வேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடு வாழ வேண்டும், நீயும் டூட்டி டூட்டி என்று பட்டினி கிடக்காதே. முக்கியமான ஒன்று, அம்மாகிட்ட சொல்லாதீங்க, தாத்தாவைத் திட்டும் என்று முத்தமிழ் எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதை மீறித்தான் இதை எழுதுகிறேன். அதனால் என்னைத் திட்டப் போன் செய்தால் நம்மூர் மணி பத்துக்கு மேல் செய், அப்போது அவள் பள்ளியில் இருப்பாள்.

உன் அப்பா
அய்யம்பெருமாள்