டவர் கிடைக்காத ஏரிக்கரை

ஜனவரி 5, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஹைதராபாத்திலிருந்து மகள் கயலின் போன். "அம்மா, அப்பாவுக்கு இன்னொரு டீ வேணுமாம். எனக்கு மெசேஜ் போட்டிருக்கார்."

அப்பா எங்கே இருக்கிறார்? ஹாலில். நான் சமையல்கட்டில். நடுவில் ஒரு சுவர், அதிலும் கதவே இல்லாத வாசல். அந்தச் செய்தி ஹைதராபாத் வரை போய்விட்டுத் துடியலூருக்குத் திரும்பி வந்திருக்கிறது.

நான் மட்டும் லேசுப்பட்டவளா? "ஸ்ட்ராங்கா வேணுமா, லைட்டா வேணுமான்னு கேளு" என்று அவளிடமே சொன்னேன். போனை வைத்துவிட்டாள். லைட்டாகவே போட்டேன். குடித்தார். எப்படி இருந்தது என்று அவளிடம் சொல்லியிருப்பாரோ?

ஜனவரி 8, புதன்

கயலுக்குச் சரியான கோபம். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தவளுக்கு அப்பா போன் போட்டிருக்கிறார். "அம்மாகிட்ட சொல்லு கண்ணு, சிலிண்டர் வந்திருக்குது." சிலிண்டர்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டதே நான்தான்.

சாயங்காலம் வீடியோ காலில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள். "பிப்ரவரி ஏழாம் தேதி நீங்க ரெண்டு பேரும் பரம்பிக்குளம் போறீங்க. ஏரிக்கரையில ரூம் போட்டுட்டேன். ரெண்டு நாள். சுத்திக் காடு. அங்க டவர் கிடைக்காது. கொஞ்சம் என்னை விட்டுடுங்க."

இவர் போனைப் பார்த்து, "அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில லீவு குடுப்பாங்களான்னு கேளு" என்றார். நான் அவர் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 9

லீவு கிடைத்துவிட்டது. இதை அவரிடம் யார் சொல்வது?

ஜனவரி 12, ஞாயிறு

இது எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் அவருடைய அப்பா அம்மா கூடவே இருந்தார்கள். அவர்கள் எதிரில் புருஷனிடம் நேராகப் பேசக் கூச்சம். அப்புறம் கயல் பிறந்தாள். "கயலு, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." அப்போது அவளுக்குத் தலையே நிற்கவில்லை. ஆனாலும் தூதுவர் கிடைத்துவிட்டார். பெரியவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் தூது நிற்கவில்லை. அவர் என்னைக் கூப்பிடுவதும் "கயலு" என்றுதான். ஒரு தடவை கூப்பிட்டால் இரண்டு பேர் ஓடுவோம். இப்போது ஒருத்தி ஓடுகிறேன்.

சண்டை கிடையாது. குடி கிடையாது. ஆல்வின் மாதிரி மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார் என்று என் பிறந்த வீட்டில் இன்றும் பெருமை. உண்மைதான். ஆனால் கயல் வேலைக்குப் போன பிறகு, இந்த வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக வாடகைக்குக் குடியிருக்கிற மாதிரி இருக்கிறது. இப்படியே வயதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும். அந்த ஏரிக்கரையில்கூடப் பேச்சு வரவில்லை என்றால் பிறகு எங்கே வரப்போகிறது?

ஜனவரி 16, வியாழன்

பயண ஏற்பாடு தடபுடல். பம்புசெட் கம்பெனியில் மோட்டார் டெஸ்டிங் பார்க்கிற மனிதர், காட்டையும் டெஸ்ட் பண்ணிவிட்டுத்தான் போவார்போல. கயல் அனுப்பிய பைனாகுலர் வந்துவிட்டது. மொட்டைமாடியில் நின்று பயிற்சி. இதுவரை பார்த்தவை: பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க், அதன் மேல் ஒரு காகம், மறுபடியும் டேங்க்.

காட்டில் அட்டைப் பூச்சி காலில் ஒட்டாமலிருக்க மூக்குப்பொடி வாங்கி வந்திருக்கிறார். மழையே இல்லாத மாதத்தில் அட்டைக்கு எங்கே போவது? மூக்குப்பொடி இருந்தால் இருக்கட்டும். தும்மலாவது போடலாம், ஒரு சத்தம் கேட்கும்.

ஜனவரி 19, ஞாயிறு

நினைத்தேன். நடந்துவிட்டது.

மேல்வீட்டு ஓனர் பாலகோபால் அண்ணன் மோட்டார் போட இறங்கி வந்தார். இவர் அவரிடம், "நாங்க பரம்பிக்குளம் போறமுங்கண்ணா. நீங்களும் வாங்களேன்" என்று சொல்லிப்போட்டார். நம் ஊரில் இது ஒரு மரியாதைப் பேச்சு. சாப்பிடும்போது யாராவது வந்தால் சாப்பிடச் சொல்வோம், ஊருக்குப் போனால் வரச் சொல்வோம். அவரும் "இருக்கட்டுமுங்க, நீங்க போயிட்டு வாங்க" என்பார், முடிந்தது. அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. "அட, நல்லதாப் போச்சுங்க. வாரோம்" என்றார்.

சாயங்காலமே அவர் சம்சாரம் ராமாமணி அக்கா படியிறங்கி வந்தார். "அம்மணி, புளிசாதம் நான் கட்டிக்கிறேன். தயிர்சாதம் உன்ற பொறுப்பு."

ஜனவரி 21, செவ்வாய்

உடுமலைப்பேட்டையிலிருந்து இவருடைய பெரியப்பா பையன் பிரான்சிஸ் அண்ணன் பேசினார். அவரையும் கூப்பிட்டாகிவிட்டது. வேன் எடுத்துக்கொண்டு வருகிறாராம். சமையல் அடுப்பும் கொண்டு வரட்டுமா என்று கேட்டாராம்.

காட்டுக்குப் போகிறோமா, கெடா வெட்டுக்குப் போகிறோமா?

ஜனவரி 24, வெள்ளி

கடையில் ஒரு பாட்டிக்கு மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் காட்டிக்கொண்டே மனசுக்குள் இவரைத் திட்டினேன். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் "வாங்க வாங்க". என்னோடு தனியாக இரண்டு நாள் இருக்க அவ்வளவு கசக்குதா? அதை ஒரு வார்த்தை நேரா சொல்லிப்போட்டா என்னவாம்! கயல்கிட்டயாவது சொல்லலாமில்ல!

ஜனவரி 30, வியாழன்

பிரான்சிஸ் அண்ணன் வரவில்லை. தோப்பில் அதே தேதியில் தேங்காய் வெட்டாம். அடுப்புக்கும் லீவு.

பிப்ரவரி 2, ஞாயிறு

பாலகோபால் அண்ணனும் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து மகன் சசிதர் வருகிறானாம், ஏழாம் தேதியே. ராமாமணி அக்கா வந்து சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும் இல்லையா? சந்தோஷம் வரவில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அக்கா மேலே போனதும் பின்னாலேயே ஏறிப் போனேன். "தம்பியையும் கூட்டிட்டு வாங்களேன் அக்கா. வெளிநாட்டுப் புள்ள, காடு பாத்தா சந்தோசப்படும்" என்று கெஞ்சினேன். நானேதான். இரண்டு வாரமாக இவரைத் திட்டிய அதே வாயால்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் அம்மணி, ஆல்வின் தம்பி கடிச்சுருமா?"

இறங்கி வரும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடையில் முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கப் பேசுகிறேன். இவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயம்.

பிப்ரவரி 6, வியாழன்

பை கட்டியாகிவிட்டது. மூக்குப்பொடி வருகிறது.

பிப்ரவரி 7, வெள்ளி. பரம்பிக்குளம்

பொள்ளாச்சியிலிருந்து பஸ். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். சேத்துமடை தாண்டி மலை ஏறியதும் மூங்கில் பஸ்ஸை உரசிக்கொண்டே வந்தது. ஒரு வளைவில் மான் கூட்டம். அவர் கையை நீட்டிக் காட்டினார், நான் தலையாட்டினேன். பயணம் முழுக்க நடந்த உரையாடல் இவ்வளவுதான்.

அறை நன்றாக இருக்கிறது. வராந்தாவில் இரண்டு நாற்காலி, எதிரே ஏரி, அந்தப் பக்கம் முழுக்கக் காடு. தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. அந்த அமைதி எனக்கு ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தார். நானும் என் போனைத் தூக்கித்தான் வைத்திருந்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவர் நாற்காலியில் போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். கயலுக்குப் போட்ட மெசேஜ் போகாமல் நின்றிருந்தது. "அம்மாவுக்குக் குளிருதான்னு கேளு."

அவர் வந்ததும் ஏரியைப் பார்த்துச் சொன்னேன். "குளிரலீங்க."

"சரி" என்றார். உள்ளே போய் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பிப்ரவரி 8, சனி

காலையில் காட்டுக்குள் நடை. கூட வந்த மலையாளி கைடு முதலிலேயே சொல்லிவிட்டார். "காட்டுல பேசக் கூடாது கேட்டோ. ஒரு சத்தமும் வேண்டாம்."

பேச்சு வராத இரண்டு பேரைப் பிடித்துப் பேசக் கூடாது என்கிறார்! ஆனால் வேண்டாம் என்ற நிமிஷத்தில் எனக்கு வாய் ஊற ஆரம்பித்துவிட்டது. தேக்கு மரத்தில் இவ்வளவு நீள வாலோடு ஒரு மலையணில். சொல்ல முடியாமல் அவர் கையைக் கிள்ளினேன். "ஸ்ஸ்" என்றார். கைடு திரும்பி முறைத்தார், இவர் தரையைப் பார்த்தார். அடுத்த வளைவில் காட்டெருமை ஒன்று வழியிலேயே நின்றது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அது தானாகப் போய்விட்டது. பிடித்த கையை அவர் விடவில்லை. கரையில் இரண்டு நீர்நாய்கள் ஒரே மீனுக்குக் கத்திக்கொண்டு சண்டை போட்டன. அவற்றை மட்டும் யாரும் பேசக் கூடாது என்று சொல்லவில்லை.

கைடு விடைபெற்றதும் இவர் பழக்கத்தில், "கயலு—" என்று ஆரம்பித்தார். நின்றார். என்னைப் பார்த்தார். "கிருபா, அந்த நீர்நாய்ல சின்னது உன்னாட்டமே கத்துச்சு."

என் பெயர் மனிதருக்கு ஞாபகம் இருக்கிறது!

"மீனை விட்டுக்குடுத்துட்டு முழிச்சுட்டு நின்னது நீங்கதானுங்க" என்றேன். அப்புறம் நிற்கவே இல்லை. நான் பார்த்தது, அவர் பார்த்தது, நான் பார்க்காமல் விட்டது என்று சாப்பாட்டிலும் பேச்சு, வராந்தாவிலும் பேச்சு. காட்டெருமை கிட்டே வந்திருந்தால் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். மூக்குப்பொடி இருக்கிறதே என்றார். தும்முவதைப் போலவே சிரித்தேன்.

இருட்டுகிற நேரத்தில் கேட்டுவிட்டேன். "ஏனுங்க, எதுக்கு ஊரையே கூப்பிட்டீங்க?"

தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ கடையில நாளு பூரா பத்துப் பேருகூடப் பேசறவ. எங்கூட ரெண்டு நாளு ஒக்காந்தா உனக்குப் போரடிச்சுருமுன்னு பயமா இருந்துச்சு. அவிய வந்தா உனக்குப் பேச்சுத்தொணை."

ராமாமணி அக்காவிடம் போய்க் கெஞ்சினதைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்கு பறந்துவிட்டது. கைடு இருந்திருந்தால் எங்கள் இருவரையும் வெளியேற்றியிருப்பார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பஸ்ஸில் பொள்ளாச்சி வரை பேச்சு. ஆனைமலை தாண்டியதும் போனில் டவர் வந்திருக்கும். இருவருமே எடுத்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கயல் போன் செய்தாள். குரலில் ஒரு குறை. "ஏம்மா, ரெண்டு வாரமா என்கிட்ட யாரும் ஒண்ணுமே சொல்றதில்ல. சிலிண்டர் வந்துச்சா இல்லியா?"

வந்துவிட்டது என்றேன். மே மாதம் வால்பாறைப் பக்கம் போகிறோம், அங்கேயும் ஓர் ஏரி இருக்கிறது, அப்பாவே ரூம் போட்டுவிட்டார் என்றேன்.

"அப்படியா! அப்ப நானும் வாரேன். அப்பாகிட்ட சொல்லும்மா."

அவர் மொட்டைமாடியில் பைனாகுலரோடு இருந்தார். போய்ச் சொன்னேன். மோட்டார் போட வந்தவரையும் "வாங்களேன்" என்று கூப்பிட்ட மனிதர், கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே சொன்னார்.

"ரூமு ரெண்டு பேருக்குத்தானாமா. அடுத்த தடவை பாக்கலாம்னு சொல்லு."

சொல்லிவிட்டேன்.