பெயரை வாசித்துவிட்டேன்

அன்புள்ள ஹெனுத்,

நம் மெம்பிஸ் நகரின் ப்தா தெய்வம் உன்னை நலமாக வைத்திருக்கட்டும். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்லில் பெயர் எழுதுவதும் அழிப்பதும்தான் இங்கே சிற்பக்கூடத்தில் என் வேலை.

நேற்று ஒரு வேடிக்கை. இறந்துபோன அரசியின் சிலையைப் புது அரசியின் முகமாக மாற்றிச் செதுக்க உத்தரவு வந்தது. முதலில் பீடத்திலுள்ள பெயரை நான் அழிக்க வேண்டும். பள்ளியில் பாடம் சொல்லித்தந்த நாளில் பலகையை உரக்க வாசித்துவிட்டுத்தானே அழிப்பேன்? அதே பழக்கத்தில், "ரொட்டியும் பீரும் இவளுக்கு ஆகட்டும்" என்று பெயரோடு முழுதும் வாசித்துவிட்டேன். பெயரை உரக்கச் சொன்னால் இறந்தவர் உயிர்ப்பார், பெயர் அழிந்தால் மறுபடி சாவார் என்பது உனக்குத் தெரியுமே.

சிற்பி இபூய் உளியைக் கீழே போட்டான்.

"வாத்தியாரே! பேரைச் சொல்லிச் சோத்தையும் போட்டுட்டு, என்னைக் கழுத்தறுக்கச் சொல்றீங்களா?"

"வாய் தவறிடுச்சுப்பா."

"உங்க வாய் தவறுச்சு, அவ காது தவறலையே! பாருங்க, முழிச்சுட்டா."

பார்த்தேன். தூங்குவதுபோல் நடிக்கும் பிள்ளையின் முகத்தில் ஓர் அசைவின்மை இருக்குமே, அதே அசைவின்மை.

அழிக்க மனம் வராமல், சிலையைப் பாயில் சுற்றி மூலையில் வைத்திருக்கிறோம். உணவிட்டபின் நிறுத்தக் கூடாதல்லவா, என் ரொட்டியில் பாதியை அங்கே வைக்கிறேன். அடுத்த முறை இருவருக்கான ரொட்டி அனுப்பு. கண் மையும் வேண்டும், கல்தூசி உறுத்துகிறது.

நாளை அதிகாரி வருகிறார். கல்லில் விரிசல், செதுக்க முடியாது என்று சொல்லப்போகிறோம். நம்பாவிட்டால் என் பெயரையும் எல்லா இடத்திலும் அழித்துவிடுவார்கள். நீ கவலைப்படாதே.

படகுக்காரன் அவசரப்படுத்துகிறான். காலையில் அடுப்பு மூட்டும்போது ஒரு தடவை என் பெயரை உரக்கச் சொல், போதும்.

பாசெர்