இருபத்து நான்கு மீட்டர்

பணி நாள் 86. 08:00
கீழ்முனைத் தீவு சிக்னல் நிலையம். பொறுப்பு: செண்பகவல்லி, பொறியாளர். ஆள் நான் ஒருத்திதான்.
கடலில் லேசான மழை. நேற்று வரை இந்த எல்லைக்குள் 11,380 திசைமணிகள். இன்று காலை 11,412. போன வருடம் இதே வாரம் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. படகு, பேருந்து, ஆம்புலன்ஸ் என்று எதை வாங்கினாலும் திசைமணி என்ற வழிகாட்டும் கருவி கூடவே வருகிறது. புதுப் படகுகளில் சுக்கானே கிடையாது; திசைமணிதான் ஓட்டுகிறது. நம் சிக்னல் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். சந்தா கட்டாதவரைப் பிடிக்கக் கம்பெனி செய்த ஏற்பாடு.
ஆயுத பூஜை நேற்று முன்தினம் முடிந்தது. கருவிகளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து, நேற்று காலை மறுபடி ஓட்டினேன். அந்த ஒரு நாளுக்கு மட்டும் தலைமையகம் எஞ்சின் பூட்டை விலக்கி வைத்திருந்தது. பொங்கல் வைத்த பாத்திரம் இன்னும் கழுவவில்லை.

பணி நாள் 87. 11:15
மளிகை கொண்டுவந்த டெலிவரி படகு மேற்குப் பாறையில் உரசிவிட்டது. பாறைகளுக்கு நடுவே நாற்பது மீட்டர் வாசல். கண்ணை மூடிக்கொண்டு வரும் படகு அது. ஓட்டி வந்தவர் வானொலியில் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.
"மேடம், ஸ்கிரீன்ல நட்ட நடுவுல வாரேன்னு காட்டுது. வெளிய பாத்தா பாறை! யாரு பொய் சொல்லுதா, கடலா உங்க மிசினா?"
கடலாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு கொழுப்பு.

பணி நாள் 88. 13:40
மிசின்தான். இல்லை, நான்தான்.
இங்கே இரண்டு தூண்கள், இடையே இருபத்து நான்கு மீட்டர். முதன்மை ஆன்டெனா கிழக்குத் தூணில் இருக்க வேண்டும், மேற்கில் இருப்பது உபரி. பூஜைக்காக இரண்டையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். தூண்களுக்கு வெள்ளையடித்தேன். தூண் எண்கள் வெள்ளைக்கு அடியில் போய்விட்டன. மாற்றி மாட்டிவிட்டேன்.
மறுபடி ஓட்டியபோது "இடம் பொருந்தவில்லை, எச்சரிக்கையை ஒதுக்கவா?" என்று கேட்டது. பூஜைக்கு மறுநாள் ஏதாவது கேட்கும் என்று ஆமாம் போட்டேன்.
நிலையம் தன்னைக் கிழக்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் வழி சொல்கிறது. இந்தக் கடற்கரையில் ஒவ்வொரு திசைமணியும் இருபத்து நான்கு மீட்டர் தப்பு.

13:55
தலைமையகத்தில் மேலாளர் சரவணப்பெருமாள்:
"மேடம், இன்னிக்கு எதையும் தொடாதீங்க. சாயங்காலம் பத்து லட்சமாவது கருவி ஃபங்ஷன். மினிஸ்டர் வர்றார். டீமைக் கேட்டுட்டு நாளைக்குப் பார்க்கலாம்."

14:10
புயல் எச்சரிக்கை. எச்சரிக்கை வந்தால் திசைமணி தானாகப் படகைக் கரைக்குத் திருப்பும். அந்நேரம் எஞ்சினை அணைக்கும் பொத்தானும் வேலை செய்யாது.
மூன்று படகுகள் வாசலை நோக்கி வருகின்றன. முன்னால் வருவது 'தெரசம்மாள்' படகு. அதில் ஏழு பேர். ஒருவர் என் கணவர் இன்னாசி.
15:10க்கு வாசலை அடையும்.

14:20
கேபிளைப் பிடுங்கினால் படகுகள் நிற்கும். அவற்றோடு 11,412 எஞ்சின்களும் ஒரே நொடியில் நிற்கும். அதைச் செய்ய மாட்டேன்.
ஆன்டெனாவைச் சட்டென்று இடம் மாற்றவும் முடியாது. அரை மீட்டருக்கு மேல் தாவினால் திருட்டு சிக்னல் என்று திசைமணி எஞ்சினைப் பூட்டிவிடும். பூட்டைத் திறக்கும் குறியீடு தலைமையகத்தில் மட்டும்.
நீளக் கேபிள் இருக்கிறது. ஆன்டெனாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறேன். அரை மீட்டர், ஒரு நிமிடம் நிற்பது, அரை மீட்டர். இனிக் குரல் பதிவு.

14:41
பத்து மீட்டர். ஒன்பது கிலோ. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கிறது. நான் ஒரு எட்டு வைத்தால் கடலில் மூன்று படகுகளும் ஒரு எட்டு நகர்கின்றன. மழை கண்ணை மறைக்கிறது. பயமாக இருக்கிறது.
இன்னாசி:
"வல்லி, கை வலிக்குதா? நீ மெதுவா வா. நாங்க எங்க போயிரப் போறோம்."

15:01
இருபது மீட்டர். இன்னும் நாலுதான்.
இன்னாசி:
"வல்லி, கெழக்குப் பாறையில நொரை தெரியுது. கெழக்குல எதுக்குத் தெரியணும்?"
தெரியக் கூடாது. மேற்கிலிருந்துதானே இழுத்துக்கொண்டு வருகிறேன்; இன்னும் நடுவுக்கே வந்திருக்க மாட்டார்கள்.

15:03
சரவணப்பெருமாள்:
"குட் நியூஸ் மேடம். டீம் இங்கேயிருந்தே சரி பண்ணிட்டிருக்காங்க. ரெண்டரை மணியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறாங்க, பதினாறு மீட்டர் ஆச்சு. அதான் சொன்னேனே, நீங்க எதையும் தொடாதீங்கன்னு."
நான் இருபது. அவர்கள் பதினாறு. தேவையோ இருபத்து நான்கு. பன்னிரண்டு மீட்டர் கிழக்கே அதிகம், காற்றும் அந்தப் பக்கமே தள்ளுகிறது.
நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அந்தப் பக்கம் நாதஸ்வரம். இணைப்பு போய்விட்டது.

15:05
திரும்பி நடக்கிறேன். அரை மீட்டர். நிற்கிறேன். நான் ஒன்று குறைத்தால் அவர்கள் ஒன்று ஏற்றுகிறார்கள். நேரம் இல்லை. நேரமே இல்லை.
"வல்லி, பாறை ரொம்பக் கிட்ட வந்துட்டு. பயலுவ குதிக்கணுங்கானுவ. இந்தச் சுழல்ல குதிச்சா... வல்லி, இருக்கியா?"

15:07
வாசலருகே ஆழம் ஆறு மீட்டர். எஞ்சின் நின்றால் நங்கூரம் பிடிக்கும். மூன்று படகுகளுக்கும் சொல்லிவிட்டேன்.
செய்ய மாட்டேன் என்று எழுதியவள் நான்தான்.
பிடுங்கிவிட்டேன்.

15:09
"நங்கூரம் புடிச்சிட்டு வல்லி! மூணு போட்டும் நிக்கி! பாறைக்கும் எங்களுக்கும் ஒரு பாய் விரிக்கிற தூரந்தான். ஏ, அழாதட்டி. எல்லாரும் இருக்கோம்."
மண்டியிட்டு அழுதேன். அவர் உயிரோடு இருக்கிறார். அது போதும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

15:12
கேபிளை மறுபடி மாட்டினேன். எஞ்சின்கள் எழவில்லை. அறுந்து வந்த சிக்னலைத் திருட்டு என்று பூட்டிக்கொண்டு, திறக்கும் குறியீடு கேட்கின்றன. தலைமையகம் எடுக்கவில்லை.

15:16
வானொலியில் தெரியாத குரல். ஒரு பெண்.
"ஹலோ, யாராச்சும் கேக்குறீங்களா? இது டூரிஸ்ட் போட்டு. எழுபது பேர் இருக்கோம், பிள்ளைங்கல்லாம் இருக்கு. நடுக்கடல்ல திடீர்னு எஞ்சின் நின்னுபோச்சு. நங்கூரம் தரையைத் தொடவே மாட்டேங்குது. அலை பெருசா வருது. எதுக்கு நின்னுச்சுன்னே தெரியல. யாராச்சும் இருக்கீங்களா?"
அவளுக்குப் பின்னால், வேறு படகுகளிலிருந்து இன்னும் நாலைந்து குரல்கள்.
ஒலிவாங்கி கையில்தான் இருக்கிறது. இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியவளும் நான்தான்.